13 மில்லிமீட்டர் காற்று

காரின் டயர்கள் வழுக்கையாகிவிட்டன. டயரின் வரிப்பள்ளத்துக்குள் தேய்மானத்தைக் காட்ட இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டையோடு ரப்பர் சமமாகத் தேய்ந்து நின்றது. மன்னார்குடிக் கடையில் மகன் 16 அங்குல அலாய் வீல் முன்னால் நின்றுவிட்டான். "195/55 போடுங்கள் அப்பா, வண்டியே மாறிவிடும்."

மாறும்தான். டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் அங்குலம். இப்போதுள்ள 185/65 ஆர் 15-இல் பக்கச்சுவரின் உயரம் 120 மில்லிமீட்டர். அவன் காட்டியதில் 107. சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றே, வேகமானி பொய் சொல்லாது. ஆனால் குறைகிற அந்த 13 மில்லிமீட்டரும் சேர்ந்துதான் பள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. அறுவடை இயந்திரங்கள் ஏறி இறங்கிய எங்கள் வாய்க்கால் கரைச் சாலையில் அதை இழக்க என் முதுகு சம்மதிக்கவில்லை. அம்மா வேறு பின்சீட்டில் வெற்றிலைப் பெட்டியோடு உட்காருவார். சுண்ணாம்பு சிந்தினால் ஏச்சு எனக்குத்தான்.

பழைய அளவையே கேட்டேன். கடைக்காரர் முதலில் உருட்டி வந்த டயரின் பக்கவாட்டில் 1422 என்றிருந்தது. அதாவது 2022-இன் 14-ஆவது வாரம். "புதியதுதான் சார்" என்றார். டயர் புதியதுதான், பிறந்த நாள் பழையது. வேறு வாங்கினேன்.

மகனின் திருப்திக்குக் கறுப்பு வீல் கவர் நான்கு. அதில் ஒன்று நேற்று பாமணி ஆற்றுப் பாலத்தருகே கழன்று ஓடிவிட்டது. கண்டவர்கள் சொல்லுங்கள்.