பேர் வாங்கியது பாட்டில்

பெங்களூரில் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த கார் 11-க்கு இறங்கிவிட்டால் போதும், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மூன்று வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். "இன்ஜெக்டர் அடைச்சிருக்கும் சார், இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் டேங்க்ல ஊத்துங்க" என்பார் ஒருவர். இன்னொருவர் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் திட்டுவார். மூன்றாமவர் பெரியவர், "ரெண்டு அந்துருண்டை போடு தம்பி" என்பார். அவரை மட்டும் டேங்க் மூடி பக்கம் விட்டுவிடாதீர்கள். நாப்தலீன் பெட்ரோலில் கரையும்தான். பெட்ரோல் ஆவியான இடத்தில் மறுபடி படிகமாக உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ஆள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தினமும் நாலு கிலோமீட்டர், அதில் பாதி நேரம் சிக்னல் என்று ஓடும் வண்டியில் இன்ஜெக்டர் முனையில் பிசின் படியும். பெட்ரோல் பனிபோலத் தூவாமல் பழைய குழாய் மாதிரி சொட்டும். இதைக் கரைப்பதில் கெட்டிக்காரச் சரக்கு பாலிஈதர் அமீன், சுருக்கமாக பிஇஏ. லேபிளில் அது இருக்கிறதா, பெட்ரோலுக்கானதா, டீசலுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தூவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் என்றால் காற்று நுழையும் இன்டேக் வால்வில் படிந்த கரியை இது தொடாது. பெட்ரோல் அந்த வழியாகப் போவதே இல்லையே!

எத்தனால்காரரும் முழுப் பொய் சொல்லவில்லை. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் மொத்தமாக ஆறேழு சதவீதம் போகும். 16 என்பது 15 ஆகும். 11 ஆகாது. மீதிக்கு டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச்சிலேயே குடியிருக்கும் இடது கால் எல்லாம் பொறுப்பு.

ஊற்றும் முறை: டேங்க் ரிசர்வுக்கு வந்ததும் பங்க்கிலேயே முதலில் பாட்டில், பிறகு பெட்ரோல். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். 300 மி.லி. 60 லிட்டருக்கு என்று எழுதியிருந்தால் 35 லிட்டர் டேங்க்குக்கு 175 மி.லி. போதும். "முழுசா ஊத்தினா முழுசா சுத்தம்" என்பவர்கள் பிளக்கில் கசடு சேர்க்கிறார்கள். நீளக் கழுத்துப் புனல் வேண்டும்; பெயின்ட்டில் சிந்தினால் உடனே துடையுங்கள்.

பிறகு நம் ஆட்கள் செய்வது: காற்றடித்து, ஓசூர் தாண்டி, சேலம் வரை 80-லேயே ஓட்டம். காரின் மைலேஜ் திரையில் 18! குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாட்டில் படம் போய்விடும். அதே காற்றோடும் அதே காலோடும் வெறும் பெட்ரோலிலும் அது 17-ஐத் தொட்டிருக்கும். அந்தத் திரையும் கணிப்புதான். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, 412 கி.மீ. ஓடி, மறுபடி 30.5 லிட்டர் பிடித்தால் 13.5. இதே கணக்கைப் பாட்டிலுக்கு முன்னும் பின்னும் அதே ஆபீஸ் வழியில் போடுங்கள்.

திங்கட்கிழமை காலை, சில்க் போர்டு சிக்னல் நெரிசல். திரையில் 9.8. பார்க்கிங்கில் பெரியவர் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். அந்துருண்டை வாசனை லிஃப்ட் வரைக்கும் வருகிறது.