இடக்கைக்கு வந்த வேலை

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஈராண்டுப் பணிக்காகச் சென்றபோது, மொழியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கவலைப்பட்டேனே தவிர, மதியச் சாப்பாட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. முதல் நாள் உணவகத்தில் சாப்பிடக் கொடுத்த மரக்குச்சிகள் தலைப்பக்கத்தில் ஒட்டியிருந்தன. வாரிபாஷி எனப்படும் அவற்றை நான் பிளந்ததில், ஒன்று பருத்தும் மற்றொன்று சிறுத்தும் வந்தன.

எதிரே அமர்ந்திருந்த மூத்த பொறியாளர் அதிகம் பேசாதவர். தம் கையைச் சற்று உயர்த்திக் காட்டினார். கீழ்க்குச்சி கட்டைவிரலின் கவட்டில் பொருந்தி, மோதிரவிரலின் மேல் அசையாமல் கிடக்க வேண்டும். மேல்குச்சியைப் பேனாவைப்போல் பிடித்து, அதை மட்டும் அசைக்க வேண்டும். நானோ இரண்டையும் கத்தரிக்கோல்போல் அசைத்துக்கொண்டிருந்தேன். அவர்களது குட்டை அரிசி வெந்தால் ஒட்டிக்கொள்வதால், சோற்றைக் கட்டியாக எடுக்க முடிந்தது. நம் பொன்னி அரிசிச் சோறாக இருந்திருந்தால் மாலை வரை பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு மூன்று வாரங்களில் வலக்கை பழகிவிட்டது. பழகாதது இடக்கை. தட்டை நோக்கிக் குனிந்து உண்பதை அங்கே நாய் உண்பதற்கு ஒப்பிடுகிறார்கள். சோற்றுக் கிண்ணத்தையும் மிசோ எனும் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த சாற்றின் கிண்ணத்தையும் இடக்கையில் ஏந்தி, வாயருகே கொண்டுவர வேண்டும். இடக்கையைச் சோற்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று வளர்க்கப்பட்ட எனக்கு, அது மேசைக்கு அடியில் மடியிலேயே கிடந்தது. அங்கே அடக்கமாக இருப்பதாக நான் நினைத்திருந்த அந்தக் கை, பார்ப்பவர்களுக்கு அக்கறையற்ற கையாகத் தெரிந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

சுட்ட கானாங்கெளுத்தி மீன் வைக்கும் நாள்களில் என் தோல்வி முழுமையானது. முள் எங்கே இருக்கிறது என்பதை விரல் நுனி தொட்டவுடன் சொல்லிவிடும். குச்சி ஒன்றும் சொல்லாது. அந்தப் பொறியாளரோ நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துத் தட்டோரம் வைத்துவிடுவார்.

ஆண்டிறுதி விருந்தொன்றில் அவர் ஒரு பொரித்த கோழித் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். என் தட்டில் வைக்கத்தான் நீட்டினார். நான் அவசரப்பட்டு என் குச்சிகளால் அதைப் பற்ற முயன்றேன். அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மேசையில் பேச்சு ஒரு கணம் நின்றது. வெளியே வந்தபிறகு காரணம் சொன்னார்: தகனத்துக்குப் பின் உறவினர்கள் குச்சிகளால்தான் எலும்புகளை எடுத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக் கலயத்தில் இடுவார்களாம். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும் இறந்தவருக்குப் படைக்கும் முறையாம். எங்கள் ஊரில் தகனத்துக்கு மறுநாள் பால் தெளித்து அப்பாவின் எலும்புகளைப் பொறுக்கியதை அவரிடம் சொன்னேன். வெறுங்கையாலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நிலையம் வரும்வரை இருவரும் பேசாமல் நடந்தோம்.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, ரசம் ஊற்றிய கிண்ணத்தை என்னை அறியாமல் இடக்கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோனேன். அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு, “கிண்ணத்தைக் கீழே வைடா, எந்தக் கையில பிடிச்சிருக்கே பாரு” என்றாள்.