பாம்பன் பாலத்தில் கிலுகிலு: பெட்ரோல் 91 ஆக்டேனா, 95-ஆ, மூன்று டேங்க் போட்டுப் பார்த்தேன்

என் வண்டி 2013 மாடல், 350 சிசி, கார்பரேட்டர். உச்சிப்புளியில் இருந்து ராமேஸ்வரத்துக்கு வாரத்தில் நாலு நாள் போய் வருகிறேன். மே மாதக் கடைசியில், தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று பிடித்த பிறகுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன்.

பாம்பன் ரோட்டுப் பாலம் நடுவில் நல்லா உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். நடுப்பகுதியில் ரயில் பாலத்தைப் பார்க்க எப்போதும் நாலு வேன் நிற்கும், எல்லாரும் வேகம் குறைப்போம். திரும்பி மண்டபம் நோக்கி வரும்போது காற்று முகத்திலும் இடது தோளிலும் அறையும். அன்று ஐந்தாம் கியரிலேயே 35-க்கு இறங்கிவிட்டு, கியரைக் குறைக்காமல் திராட்டிலைத் திருகினேன். காய்ந்த சிப்பியைச் சாக்கில் கட்டி இழுத்தால் வருமே ஒரு கிலுகிலு, அதே சத்தம் டேங்குக்குக் கீழே இருந்து வந்தது. பின்னால் இருந்த மனைவி, "என்னங்க, செயின் இடிக்குதா?" என்றாள். திராட்டிலை விட்டதும் நின்றுவிட்டது. செயின் இல்லை, நாக்கிங்.

பிளக் பொறி வைத்த இடத்தில் தொடங்கும் தீ, சிலிண்டர் முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன்னே ஓரத்தில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றிக்கொண்டால் வரும் அடிதான் இந்தச் சத்தம். நீடித்தால் பிஸ்டன் தலை அரிக்கும். இதைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்ணே ஆக்டேன். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, நார்மல் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்து, சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு எண் கொடுக்கிறார்கள். பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை அது சொல்லாது. அமெரிக்க வீடியோக்களில் 87 என்று வருவதைப் பார்த்து நம் பெட்ரோல் உசத்தி என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் இரண்டு விதச் சோதனை எண்களின் சராசரியைப் போடுகிறார்கள். அவர்களுடைய 87-ம், நான் அப்போது போட்ட சாதா பெட்ரோலின் 91-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

என் வண்டியின் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை நெருக்கும் மடங்கு, 8.5-க்கு 1. இதற்கு 91 தாராளமாகப் போதும். பிறகு ஏன் சத்தம்? பங்கில் 95 போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் போட்ட நேரத்தில் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூட.

அளவெடுத்த முறை இது. ஒரே பங்க், வண்டி சென்டர் ஸ்டாண்டில், கழுத்து விளிம்பு வரை. சாதா பெட்ரோலில் 357 கி.மீ. ஓடி 10.2 லிட்டர் பிடித்தது: 35.0. அடுத்து 95. பழைய பெட்ரோல் கொஞ்சம் டேங்கில் கிடந்தால் இரண்டும் கலந்து நடுவில் ஒரு எண்ணாகிவிடும், அதனால் ரிசர்வ் வரை ஓட்டிக் காலி செய்துதான் நிரப்பினேன். அந்த முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவதில் 345 கி.மீ.க்கு 9.8 லிட்டர்: 35.2. மைலேஜில் வித்தியாசம் இல்லை. இழுவையிலும் இல்லை. ஆனால் பாலத்தில் சத்தம் முக்கால்வாசி குறைந்தது. மத்தியானம் மூன்று மணி வெயிலில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மட்டும் லேசாகக் கேட்டது. காலையில் சுத்தமாக இல்லை. குளிர்ந்த, ஈரமான காற்று உள்ளே போனால் நாக்கிங் குறையும். நம் கடற்கரைக் காலைக்கு அந்த நன்மை உண்டு.

இங்கேயே நிறுத்தி, 95-ஐயே போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மனசு ஒப்பவில்லை. பத்து வருஷம் 91-இல் சத்தமில்லாமல் ஓடிய எஞ்சின் இப்போது கூடுதல் கேட்கிறதென்றால் மாறியது எஞ்சின்தானே? மண்டபத்தில் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்ணாம்பு பூசினது மாதிரி வெளுத்திருந்தது. "தம்பி, காத்து கூடப் போகுது. பெட்ரோல மாத்துறத விடுங்க, ஹெட்ட கழட்டிப் பாத்துருவோம்."

கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரை வளைத்ததும் அடிப்பக்கம் நகக்கண் அளவு வெடிப்பு தெரிந்தது. அது வழியாகக் காற்று கள்ளத்தனமாகப் புகுந்து கலவை மெலிந்து, சூடு ஏறியிருக்கிறது. ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றித் திருப்பினால் வால்வைச் சுற்றி அடுப்புக்கரி போல ஒரு படிவு. அந்தக் கரி எரியும் அறையின் இடத்தைக் குறைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டும், சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து என் எஞ்சினின் தேவையை 91-க்கு மேலே தள்ளியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊற வைத்து, மூங்கில் பட்டையால் இரண்டு மணி நேரம் சுரண்டினோம். இரும்பு படக்கூடாது, அலுமினியத்தில் கீறல் விழும். புது ரப்பர், புது கேஸ்கட், புது பிளக்.

திரும்பவும் சாதா பெட்ரோல்: 365 கி.மீ., 9.6 லிட்டர், 38.0. பிளக் இப்போது சாயல்குடிக் கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது, அதுதான் சரியான நிறம்.

இதற்கு நடுவில் கீழக்கரையில் மச்சான் வண்டி வேலையும் வந்தது. 200 சிசி, கம்ப்ரஷன் 11-க்கு மேல். அவன் வளைகுடா போய் நாலு மாசம் நின்ற வண்டி. டேங்க் மூடியின் வடிகால் துளையில் உப்பும் மணலும் அடைத்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தேன். கால் மணி நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக ஒரு அடுக்கு, மேலே தெளிந்த பெட்ரோல். நம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தண்ணீரைக் கண்டால் அதோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். அது பிரிந்து போனால் மேலே மிஞ்சுவது பங்கில் வாங்கின ஆக்டேன் கூட இல்லாத பெட்ரோல். உயர்ந்த கம்ப்ரஷன் வண்டிக்கு அதை ஊற்றினால் தாங்காது. முழுவதையும் வடித்து, துளையைக் குத்தித் திறந்து, கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே நிரப்பினேன். கடலோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியூர் போகிறவர்கள் அந்தத் துளையை ஒரு தடவை பாருங்கள்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் பாலத்தில் மண்டபம் நோக்கி, பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தோம். எஞ்சின் கொதித்தது, காற்று எதிரே. மூன்றாம் கியரில் இருந்து திருகினேன், பிறகு சோதனைக்காக வேண்டுமென்றே ஐந்தில் இருந்தும். டேங்கில் 91. சத்தம் இல்லை.