அன்னாவை விட்டுவிடாதீர்கள்

பிப்ரவரி 2ஆம் தேதி, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. அன்றைய திருப்பலிக்கான நற்செய்தி, வாசக நூலில் இரண்டு அளவுகளில் இருக்கிறது. நீண்ட வாசகம் லூக்கா 2ஆம் அதிகாரத்தில் 22 முதல் 40 வரை. குறுகிய வாசகம் 22 முதல் 32 வரை. எதை வாசிப்பது என்பது திருப்பலி நிறைவேற்றும் குருவின் விருப்பம். குறுகியதை எடுத்தால் எட்டு வசனங்கள் போய்விடுகின்றன. குழந்தை இயேசுவைக் கோவிலில் கண்டுகொண்ட மூதாட்டி அன்னா அந்த எட்டில்தான் இருக்கிறார்.

பல இடங்களில் குறுகியதுதான் வாசிக்கப்படுகிறது. ஏன் என்று எனக்குப் புரிகிறது. அன்று திருப்பலி வழக்கம்போல் பீடத்தில் தொடங்குவதில்லை. மக்கள் கோவிலுக்கு வெளியிலோ சிற்றாலயத்திலோ மெழுகுதிரிகளோடு கூடுகிறார்கள். திரிகளை ஏற்றி, குரு அவற்றை மந்திரித்து, எல்லோரும் பவனியாக உள்ளே போகிறோம். அதற்கே நேரம் ஆகிவிடுகிறது. வேலை நாளில் விழா வந்தால் மக்கள் அலுவலகம் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். குறுகிய வாசகமோ, குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோன் பிற இனத்தாருக்கு ஒளி என்று பாடும் இடத்தில் முடிகிறது. கையில் எரியும் திரிக்கு அந்த முடிவு பொருத்தமாகவும் இருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனாலும் அன்னாவை விட்டுவிட்டு இந்த விழாவைக் கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

காரணம் என் அம்மா. முப்பது வயதுக்குள் அப்பாவை இழந்தவர். பிள்ளைகளை ஆளாக்கினார். பிறகு கோவிலும் செபமுமாகவே இருந்தார். அம்மாவின் விவிலியத்தில் லூக்கா 2ஆம் அதிகாரம் இருக்கும் தாள் மட்டும் ஓரம் கறுத்துப்போயிருக்கும். கிறிஸ்து பிறப்புக் காட்சிக்காகத்தான் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். அம்மா விரல் வைத்து வாசித்ததெல்லாம் 36, 37, 38ஆம் வசனங்களை. ஆசேர் குலத்தைச் சேர்ந்த பானுவேலின் மகள் அன்னா. இறைவாக்கினர். மணமாகிக் கணவரோடு ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். பிறகு கைம்பெண். வயது எண்பத்து நான்கு. கோவிலை விட்டு நீங்காமல் நோன்பிருந்து, அல்லும் பகலும் செபித்தவர்.

திருப்பலி முடிந்து வரும்போது அம்மா கேட்பார்: "ஏண்டி, அன்னாவ இந்தத் தடவையும் விட்டுட்டாங்களே?" குரலில் கோபம் இருக்காது. தெரிந்தவர் ஒருவர் விசேஷத்துக்கு வராமல் போனதை விசாரிக்கிற குரல் அது.

அம்மாவுக்காக இந்த விழாவின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, அம்மாவின் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று தெரிந்தது.

இந்த விழாவைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பை எழுதியவர் ஒரு பெண். பெயர் எகேரியா. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், 380களில், மேற்கிலிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் போனவர். அங்கே கண்டதையெல்லாம் ஊரில் இருந்த தம் சகோதரிகளுக்கு லத்தீனில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கிடைத்தது. தொடக்கமும் முடிவும் இல்லாத படி. நல்லவேளையாக நமக்கு வேண்டிய பகுதி இருக்கிறது. சனவரி 6இல் வரும் திருக்காட்சி விழாவுக்குப் பின் நாற்பதாம் நாளை எருசலேமில் மிகுந்த சிறப்போடு கொண்டாடினார்கள் என்கிறார். ஆண்டவரின் கல்லறை மேல் எழுப்பப்பட்ட உயிர்ப்பு ஆலயத்துக்குப் பவனி போகிறது, உயிர்ப்புப் பெருவிழாவாகிய பாஸ்காவைப் போன்ற மகிழ்ச்சியோடு எல்லாம் நடக்கிறது, குருக்கள் எல்லோரும் மறையுரை ஆற்றுகிறார்கள், பிறகு ஆயரும் ஆற்றுகிறார். எதைப் பற்றி? யோசேப்பும் மரியாவும் குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுவந்ததையும், சிமியோனும் பானுவேலின் மகளாகிய இறைவாக்கினர் அன்னாவும் அவரைக் கண்டதையும், கண்டபோது அவர்கள் சொன்னதையும், பெற்றோர் கொடுத்த காணிக்கையையும் பற்றி.

எகேரியா சிமியோனோடு நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்னாவைத் தந்தை பெயரோடும் இறைவாக்கினர் என்ற சிறப்போடும் எழுதியிருக்கிறார். இந்த விழாவைச் சொல்லும் முதல் சாட்சியத்திலேயே அன்னாவுக்கு இடம் இருக்கிறது.

எகேரியாவின் குறிப்பில் மெழுகுதிரி இல்லை. அது வந்தது 5ஆம் நூற்றாண்டில், அதுவும் ஒரு பெண்ணால். இகேலியா என்ற செல்வச் சீமாட்டி, எருசலேமிலிருந்து பெத்லகேம் போகும் வழியில் மரியா இளைப்பாறியதாகக் கருதப்பட்ட இடத்தில் கோவில் கட்டியவர். அவர்தான் இந்த விழாவை மெழுகுதிரிகளோடு கொண்டாடத் தொடங்கினார் என்று 6ஆம் நூற்றாண்டில் புனிதர் வரலாறுகளை எழுதிய ஸ்கித்தோபோலிஸ் நகரத்து சிரில் குறித்து வைத்திருக்கிறார். அந்த எண்கோணக் கோவிலின் அடித்தளம் 1990களில் சாலைப் பணியின்போது வெளிப்பட்டது. இதை வாசித்துக் காட்டியபோது அம்மாவுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோசேயின் சட்டப்படி, ஆண் குழந்தை பெற்ற தாய்க்கு ஏழு நாளும் முப்பத்து மூன்று நாளும் சேர்த்து நாற்பது நாள் கழிந்த பின் தூய்மைச் சடங்கு. லேவியர் நூல் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எகேரியா காலத்து எருசலேமில் ஆண்டவரின் பிறப்பை சனவரி 6இல் கொண்டாடினார்கள். அதிலிருந்து எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 14. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு நாளாக நிலைபெற்றதும் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2க்கு வந்தது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில், கான்ஸ்டான்டினோபிளைக் கொள்ளைநோய் உலுக்கிய 542ஆம் ஆண்டு வாக்கில், இந்தத் தேதி கீழைப் பேரரசில் உறுதியானது. அர்மீனியத் திருச்சபை கிறிஸ்து பிறப்பை இன்றும் சனவரி 6இல் கொண்டாடுவதால், அவர்களுக்கு இந்த விழா பிப்ரவரி 14தான்.

ரோமையர்களின் லூப்பர்காலியா என்ற பழைய பண்டிகைக்குப் பதிலாகத்தான் திருச்சபை இதைக் கொண்டுவந்தது என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். எருசலேமில் கொண்டாட்டம் தொடங்கியது ரோமைக்கு வருவதற்கு வெகு முன்பே. தேதியோ நாற்பது நாள் கணக்கிலிருந்து வந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல எதுவுமில்லை.

ரோமையில் இந்தப் பவனியை ஒழுங்குபடுத்தியவர், சிரியக் குடும்பத்தில் பிறந்த திருத்தந்தை முதலாம் செர்ஜியு. பதவியில் இருந்த காலம் 687 முதல் 701 வரை. மேற்கில் காலப்போக்கில் விழாவின் பெயர் 'தூய கன்னி மரியாவின் சுத்திகரம்' ஆனது. தவ உணர்வும் கூடியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பவனிக்கு ஊதா உடைதான். 1969இல் வந்த புதிய நாள்காட்டி இதை ஆண்டவரின் விழாவாகவே பெயரிட்டது. அதனால்தான் பிப்ரவரி 2 ஞாயிறாக வந்தால், அந்த ஞாயிறின் வழிபாட்டுக்குப் பதில் இந்த விழாவே கொண்டாடப்படுகிறது. 2025இல் அப்படி வந்தது. கீழைத் திருச்சபைகள் இதற்குச் 'சந்திப்பு' என்ற பழைய பெயரையே வைத்திருக்கின்றன. மறுநாள் பிப்ரவரி 3ஐ சிமியோனுக்கும் அன்னாவுக்கும் உரிய நாளாகவும் கொண்டாடுகின்றன. இருவருக்கும் சேர்த்து ஒரு தனி நாள்!

இனி நற்செய்திக்கு வருகிறேன்.

இந்தப் பகுதியில் ஏழ்மை வெளிப்படையாகவே இருக்கிறது. சட்டம் கேட்டது ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும். ஆட்டுக்கு வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம். லூக்கா புறாக்களை மட்டும் சொல்கிறார். மரியாவும் யோசேப்பும் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று அதிலேயே தெரிகிறது. கோவிலில் அவ்வளவு குருக்கள் இருந்தும், யாரும் இந்தக் குழந்தையை அடையாளம் கண்டதாக லூக்கா எழுதவில்லை. கண்டுகொண்டவர்கள் இருவர்: தூய ஆவியால் ஏவப்பட்டு வந்த சிமியோன், எந்நேரமும் அங்கேயே இருந்த அன்னா.

நாம் சிமியோனை நரைத்த தாடியோடு வரைகிறோம். லூக்காவோ அவருடைய வயதைச் சொல்லவில்லை. மெசியாவைக் காணுமுன் சாவதில்லை என்று அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது என்று மட்டும் சொல்கிறார். வயதோடு குறிப்பிடப்படுபவர் அன்னா ஒருவரே. குலமும் தந்தை பெயரும் மணவாழ்க்கையின் அளவும்கூட அவருக்குத்தான். ஆசேர் வட நாட்டுக் குலங்களில் ஒன்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரியர் அந்த நாட்டை அழித்து மக்களை நாடுகடத்தினார்கள். அந்தக் குலங்கள் தொலைந்தே போயின என்று பேசப்பட்ட காலத்தில், தன் குலத்தை நினைவில் வைத்திருந்த ஒரு மூதாட்டி எருசலேம் கோவிலில் இருக்கிறார். இஸ்ரயேல் முழுவதற்கும் ஆறுதல் வருகிறது என்று லூக்கா சொல்ல விரும்பியிருந்தால், யூதா குலத்தார் மட்டும் போதாது. ஆசேர் குலத்தாரும் வேண்டும். என் வாசிப்பில், அன்னாவின் குலம் சும்மா எழுதப்பட்டதல்ல.

சிமியோனின் பாடல் நமக்குத் தெரியும். இரவுச் செபத்தில் நாள்தோறும் சொல்கிறோம்: உம் அடியானை அமைதியோடு போகவிடும், என் கண்கள் மீட்பைக் கண்டுவிட்டன என்று. சிமியோனுக்கு அத்தோடு நிறைவு, அவர் விடைபெறலாம். அன்னா விடைகேட்கவில்லை. எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். எண்பத்து நான்கு வயதில் அவருக்கு ஒரு புது வேலை கிடைக்கிறது. அம்மாவைப் பிடித்திழுத்தது இந்த இடம்தான். "சிமியோன் கெளம்பிட்டாரு. அன்னாதான் ஆரம்பிச்சாங்க" என்பார்.

விடுபடும் வசனங்களில் வாளும் இருக்கிறது. உம் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் மரியாவிடம் சொல்வது 35ஆம் வசனம். பிறந்து நாற்பது நாளான குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய் கேட்ட சொல் அது. இதையும் எடுத்துவிட்டால் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. இதை வாசித்தால் சில வாரங்களில் தொடங்கப்போகும் தவக்காலத்தின் வாசல் அங்கேயே திறக்கிறது. இரண்டு காலங்களுக்கும் நடுவே இந்த விழா நிற்பதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

ஓர் இடைச்செருகல். மரியாவின் தாய் அன்னாவையும் இந்த இறைவாக்கினர் அன்னாவையும் ஒருவராகவே நினைப்பவர்கள் நிறையப் பேர். முன்னவருக்குச் சூலை 26இல் நினைவு. அவர் பெயர் விவிலியத்தில் இல்லை, மரபிலிருந்து வருகிறது. நற்செய்தியில் பெயரோடு வருபவர் பின்னவர். அவரை வாசிக்காமலே விட்டால் இந்தக் குழப்பம் எப்படித் தீரும்?

1997இலிருந்து இதே நாளைத் துறவறத்தாரின் உலக நாளாகவும் கொண்டாடுகிறோம்; இரண்டாம் யோவான் பவுல் தொடங்கிவைத்தது. வாழ்க்கையையே கோவிலில் கழித்த அன்னா அவர்களுக்கு எவ்வளவு நெருக்கமானவர்! 2021 சனவரி 31 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளை அறிவித்தார். இரண்டு நாளில் வரவிருந்த இந்த விழாவையும், முதிர்ந்த வயதில் இயேசுவை அறிந்துகொண்ட சிமியோனையும் அன்னாவையும் நினைவுகூர்ந்தே அறிவித்தார்.

அம்மாவால் இப்போது கோவிலுக்கு வர முடிவதில்லை. வழிபாட்டுக் குழுவில் இருப்பதால், விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பங்குக் குருவிடம் போய், நீண்ட வாசகத்தையே வாசிக்க முடியுமா என்று கேட்டுவிடுகிறேன். எட்டு வசனங்களுக்கு ஆகும் கூடுதல் நேரம் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தை மறையுரையிலோ அறிவிப்புகளிலோ எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வேன். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. நீங்களும் உங்கள் பங்குக் கோவிலில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் நடமாட முடியாத முதியவர்கள் இருந்தால், மந்திரித்த மெழுகுதிரியை அவர்களுக்கும் ஒன்று வாங்கிப் போங்கள். அதை ஏற்றிவைத்து, லூக்கா 2ஆம் அதிகாரத்தை 22இலிருந்து 40 வரை ஒரு வசனமும் விடாமல் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.