ஈ.ஈ.ஜி. எமோஷன் ப்ராஜெக்ட்: 95% வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஈ.ஈ.ஜி. என்பது தலையில் எலக்ட்ரோடு வைத்து எடுக்கும் மூளை அலைப் பதிவு. அந்த அலைகளை வைத்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் மெஷின் லேர்னிங் ப்ராஜெக்டை எம்.இ.யில் செய்து முடித்தவன் நான். அதே தலைப்பை எடுக்கும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "எந்த மாடல் அண்ணா, சிஎன்என்னா எல்எஸ்டிஎம்மா?" மாடலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். டேட்டாவை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் இந்த ப்ராஜெக்டின் உயிரே இருக்கிறது.

பெரும்பாலோர் 2012-இல் வெளியான டி.இ.ஏ.பி. டேட்டாசெட்டில் தொடங்குவீர்கள். 32 பேர், ஒவ்வொருவரும் ஒரு நிமிட மியூசிக் வீடியோ 40 பார்த்தார்கள். மனதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதற்கு வேலன்ஸ், எவ்வளவு கிளர்ச்சி தந்தது என்பதற்கு அரௌசல் என்று 1 முதல் 9 வரை அவர்களே மதிப்பெண் போட்டார்கள். உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் டேட்டா கிடைக்கும். அதனால் கைடிடம் பேசி, அந்த வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

சுத்தப்படுத்திய ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் 40 சேனல், சேனலுக்கு 8064 புள்ளிகள் இருக்கும். முதல் 32 சேனல்தான் ஈ.ஈ.ஜி.; மற்றவை கண் அசைவு, தசை, தோல், மூச்சு, நாடி, உடல் சூடு. நொடிக்கு 128 புள்ளி என்றால் மொத்தம் 63 நொடி. முதல் 3 நொடி வீடியோ தொடங்குவதற்கு முந்தைய பேஸ்லைன். இன்னொன்று: இந்த ஃபைல் 4 முதல் 45 ஹெர்ட்ஸ் வரை ஃபில்டர் செய்யப்பட்டது. டெல்டா அலை 4-க்குக் கீழே. இந்த ஃபைலில் டெல்டா பவர் கணக்கிட்டு ரிப்போர்ட்டில் படம் போட்டால், விஷயம் தெரிந்த எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.

இப்போது முக்கியமான இடம். டேட்டா போதவில்லை என்று ஒரு நிமிடத்தை ஒரு நொடித் துண்டுகளாக வெட்டுவோம். 1280 பதிவுகள் 76,800 துண்டுகளாகிவிடும். அவற்றைக் கலைத்துப் போட்டு 80-20 என்று பிரித்தால், ஒரே வீடியோவின் 17-ஆவது நொடி ட்ரெயினிங்கிலும் 18-ஆவது நொடி டெஸ்டிலும் போய் உட்காரும். தலைப்பில் சொன்ன 95% துல்லியம் இப்படித்தான் வரும். ஆனால் மாடல் உணர்ச்சியைக் கற்பதில்லை. எந்த ஆள், எந்தப் பதிவு என்று அடையாளம் கண்டு லேபிளை (மதிப்பெண் 5-க்கு மேல் என்றால் "அதிகம்", இல்லையென்றால் "குறைவு") சொல்லிவிடுகிறது. கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை அது.

சோதிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் இஷ்டத்துக்கு ஒரு லேபிள் கொடுங்கள். அந்தப் பதிவின் எல்லாத் துண்டுகளுக்கும் அதே லேபிள். பிறகு அதே கோடை ஓட்டுங்கள். அப்போதும் 90% வந்தால் உங்கள் பிரிப்பில் கசிவு இருக்கிறது.

சைகிட்-லேர்ன் என்ற பைதான் லைப்ரரியில் குரூப்கேஃபோல்டு இருக்கிறது; ஒரே குரூப்பின் டேட்டா ட்ரெயினிங், டெஸ்ட் இரண்டிலும் வராமல் அது பிரித்துத் தரும். ஆள் எண்ணை குரூப்பாகக் கொடுத்து, ஒருவரை முழுவதும் வெளியே வைத்து டெஸ்ட் செய்யுங்கள். எண் சட்டென்று இறங்கும்; பயப்படாதீர்கள். டேட்டாசெட்டை வெளியிட்டவர்கள் ஒவ்வொருவரின் டேட்டாவையும் தனித்தனியே எடுத்து, ஒரு வீடியோவை ஒதுக்கி வைத்துச் சோதித்தபோதே ஈ.ஈ.ஜி.யில் கிடைத்தது வேலன்ஸுக்கு 57.6%, அரௌசலுக்கு 62%தான். 5-க்கு மேல் மதிப்பெண் வாங்கிய பதிவுகளே பாதிக்கு மேல் இருப்பதால், எல்லாவற்றுக்கும் "அதிகம்" என்று சொல்லும் சோம்பேறி மாடலின் எண்ணையும், ஒரு பக்கமே அதிகமாக இருக்கும் டேட்டாவில் ஏமாறாமல் அளக்க உதவும் எஃப்1 ஸ்கோரையும் பக்கத்தில் கட்டாயம் போடுங்கள்.

என் வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி: "இந்த ஆளோட டேட்டா ட்ரெயினிங்ல இருந்துச்சா?" ஆள்வாரியான அட்டவணையைக் காட்டினேன். அடுத்தது காமா பற்றி, அதாவது சுமார் 30 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள வேகமான மூளை அலை பற்றி. சிரித்தாலோ பல்லைக் கடித்தாலோ முகத் தசையின் மின்சாரம் அதே உயர் அதிர்வெண்ணில்தான் வந்து கலக்கும், அப்படியிருக்க மாடல் படிப்பது மூளையையா முகத்தையா என்றார். இந்தத் துறையின் நியாயமான கேள்வி இது. காதோரம் இருக்கும் டி7, டி8 எலக்ட்ரோடுகளை எடுத்துவிட்டு ஒரு முறை, காமா இல்லாமல் ஒரு முறை ஓட்டி, அந்த எண்களையும் அதே அட்டவணையில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.