செவ்வரத்தம்பூவும் ஒரு போளையும்

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் போடுற மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு போன கிழமை தம்பி ஒராள் போன் எடுத்தவர். பிக் மட்ச் கதையளும் மதில் பாஞ்ச கதையளும் ஏற்கனவே நாலு பேர் குடுத்திட்டினமாம், அதால நான் எங்கட இந்து நாகரிக வகுப்பைப் பற்றி எழுதுறன். கனபேருக்கு அந்தப் பாடமெண்டா மத்தியான நித்திரைதான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு போளை, அதுதான் பெடியள் விளையாடுற கண்ணாடிக் குண்டு, ஞாபகம் வருது.

நாங்கள் 93 ஏ லெவல் பட்ச். யாழ்ப்பாணத்தில 1990 இல நிண்ட கரண்ட் நாங்கள் சோதினை எழுதி முடிச்ச பிறகும் வரேல்லை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வச்சு, அது நனையுற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு அந்த வெளிச்சத்திலதான் படிப்பு. அந்த நேரம் பாத்து சேர் சைவ சித்தாந்தத்தில வாற மாயையைப் படிப்பிச்சார். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில மாயையை விடியும்வரைக்கும் வச்சிருக்கிற விளக்கு எண்டு சொல்லுறார், அதாவது ஆணவம் எண்ட அறியாமை இருட்டுக்குள்ள உயிர் ஒண்டும் தெரியாமல் கிடக்கேக்க இந்த உடம்பும் மனமும் கைவிளக்கு மாதிரி, விடிஞ்சாப் பிறகு அது தேவையில்லை. வேற இடத்துப் பிள்ளையளுக்கு இது உவமை, எங்களுக்கு அது முதல்நாள் இரவு மூக்குக்குள்ள போன கரி. சேர் எல்லாற்ற மூக்கையும் ஒருக்காப் பாத்திட்டு "ஆர் ராத்திரி படிச்சனீங்கள் எண்டு நான் கேக்கத் தேவையில்லை" எண்டார்.

பேந்து அந்தக்கரணம், அதாவது உயிருக்கு உள்ளுக்க இருக்கிற கருவியள், வந்தது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் எண்டு நாலு. பாடமாக்கினா ரெண்டு நாளில மறந்துபோம் எண்டு அவருக்குத் தெரியும், அதால வானத்தைக் காட்டினார். தூரத்தில ஒரு இரைச்சல் கேக்குது, பொம்பரோ ஹெலியோ எண்டு தடுமாறுறது மனம். பொறு நான் சொல்லுறன் எண்டு எழும்பிறது அகங்காரம். பொம்பர்தான் எண்டு முடிவெடுக்கிறது புத்தி. போனமுறை எந்தப் பக்கத்தால வந்தது, இப்ப எந்தப் பக்கம் ஓடுறது எண்டு யோசிச்சுக்கொண்டே இருக்கிறது சித்தம். "இவ்வளவும் முடியுறதுக்குள்ள உங்கட கால் பங்கருக்குள்ள நிக்கும், சரிதானே?" நாங்கள் சிரிச்சம். சிரிப்பு அடங்கினாப் பிறகுதான் விசயத்துக்கு வந்தார், இந்த நாலும் சடம், தனக்கெண்டு அறிவில்லாதது, நாலும் வேலைகாரர், ஒண்டும் நீ இல்லை. மெய்கண்டார் சிவஞானபோதம் நாலாம் சூத்திரத்தில இதைத்தான் சொல்லுறார், உயிர் அந்தக்கரணங்களில ஒண்டு இல்லை, அமைச்சரோட இருக்கிற அரசன் மாதிரி எண்டு. "ராசா நித்திரை கொண்டா அமைச்சர்தான் ராசா, அதுதான் உங்களுக்கெல்லாம் நடக்குது."

பயோ படிச்ச பெடியன் ஒருத்தன் சும்மா வந்து பின்வாங்கில இருப்பான், அவன் எழும்பி மனமெண்டா மூளைதானே சேர் எண்டு கேட்டான். சேர் கோவிக்கேல்லை. கொழும்புத்துறையில இருந்த யோகர் சுவாமி சொன்ன "நாம் அறியோம்" எண்ட வசனத்தைச் சொல்லிப்போட்டு, மூளையைப் பற்றி நீ படிச்சு வந்து எனக்குச் சொல்லு எண்டார். படிப்பிக்கிற ஒராள் வகுப்பில நிண்டு தெரியாது எண்டு சொன்னதை நான் அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டது.

போளைக் கதை அதுக்கு அடுத்த கிழமை. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் எண்டு போர்டில எழுதினார், ஒருத்தருக்கும் விளங்கேல்லை. படிகத்துக்குப் பக்கத்தில என்ன நிறம் இருக்கோ படிகமும் அந்த நிறம் எண்டு சொன்னார், படிகத்துக்கு எங்க போறது. ஆரிட்டயடா போளை இருக்கு எண்டு கேட்டார். ஏ லெவல் படிக்கிற எருமையளிட்ட போளையோ எண்டு நாங்கள் பாக்க, எனக்குப் பக்கத்தில இருந்தவன் பொக்கற்றுக்குள்ள இருந்து ஒண்டை எடுத்தான், உள்ளுக்குப் பூ இல்லாத வெறும் கண்ணாடிப் போளை. சேர் யன்னலுக்கு வெளியால கையை விட்டு ஒரு செவ்வரத்தம்பூவைப் புடுங்கி மேசையில வச்சு அதுக்கு மேல போளையை வச்சார். போளை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொருத்தரா வந்து குனிஞ்சு பாத்தம்.

"இப்ப இதைச் சுத்தமாக்க என்ன செய்யவேணும்? கழுவோணுமோ?"

ஒருத்தன் ஓம் எண்டான். சேர் பூவை இழுத்தார். அவ்வளவுதான், போளை பழையபடி வெள்ளை. "பூவை எடுத்தாக் காணும். ஆனா ஒண்டு, போளை சும்மா இருக்காது, எதிலயாவது சாயும். சாய்ற இடத்தைத்தான் நீங்கள் பாக்கவேணும்." அதுக்குத்தான் சரியை எண்டு கோயில் கூட்டுறதையும் பூ எடுக்கிறதையும் முதல் படியா வச்சவையாம், கை ஒரு வேலையில நிண்டா மனம் அதில சாயும். சொல்லிப்போட்டு தும்புத்தடியை எங்களிட்டத் தந்து வகுப்பைக் கூட்ட விட்டார், அதில அவற்ற சோம்பலும் கொஞ்சம் இருந்ததெண்டு நான் இப்பவும் நினைக்கிறன்.

இஞ்ச ரொறன்ரோவில வேலையிடத்தில மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு வச்சவை. 1979 இல மசாசூசெட்ஸில ஜோன் கபட்-சின் தொடங்கின எட்டுக்கிழமைப் பயிற்சியில இருந்து வந்ததாம், வாற நினைப்பைச் சும்மா பார், பின்னால போகாத எண்டு. இதெல்லாம் எங்கட ஆக்கள் அப்பவே சொன்னது எண்டு நெஞ்சை நிமித்துற ஆள் நானில்லை, அது புத்த தியானத்தில இருந்து வந்த வேற வழி, எனக்குக் கொஞ்சம் பிரயோசனப்பட்டதுதான். ஆனா பாத்துக்கொண்டே இருந்தும் என்ர போளை சிவப்பாத்தான் கிடந்தது.

ஏனெண்டா அந்த நேரம்தான் ஒரு சங்கத்துக்குள்ள (எந்தச் சங்கமெண்டு கேக்காதேங்கோ) ஹோல் புக் பண்ணின காசில சண்டை வந்தது. பொருளாளர் வேற ஆருமில்லை, போளை தந்த அதே சிநேகிதன். இரவு ரெண்டு மணிக்கு எழும்பி அவனுக்கு ஈமெயில் அடிச்சன், ஒண்டில்லை மூண்டு, எல்லாருக்கும் கொப்பி போட்டு. நான் செய்தது பிழை. அதுக்குப் பிறகு நாலு வருசம் கதை இல்லை, மனிசி சமைச்சுத் தந்த சாப்பாட்டின்ர ருசிகூட அந்த நாளில எனக்குத் தெரியாது, வாய் சாப்பிட மனம் அவனோட வாதாடிக்கொண்டு இருக்கும்.

சேர் காலமான செய்தி வாட்ஸ்அப்பில வந்த அண்டைக்கு நான்தான் அவனுக்குப் போன் எடுத்தன். ரெண்டுபேரும் சேரைப் பற்றிக் கொஞ்சநேரம் கதைச்சம், பேந்து சத்தமில்லை.

"மச்சான், அந்தப் போளை..." எண்டன்.

"அது என்ர. சேர் திருப்பித் தரேல்லை."

"சேர் மேசையில வச்சிட்டுத்தான் போனவர், நான்தான் எடுத்தனான்."

"அப்ப தா."

"95 இல வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அங்கயே விட்டிட்டு வந்திட்டன்."

கொஞ்சநேரம் யோசிச்சான். "சரி, உன்ர கணக்கில எழுதிறன்" எண்டான் பொருளாளர்.