மசாதாவில் பிழைத்த ஏழு பேர்

பதினோரு வருடமாகத் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துச் சபையாரை எருசலேமுக்கு அழைத்துப் போய் வருகிறேன். அங்குள்ள வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதை பஸ்ஸில் மைக் பிடித்துத் தமிழில் சொல்வது என் வேலை. பெத்லெகேம், கலிலேயா என்றால் கஷ்டமே இல்லை. கேட்பவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் திணறியது சவக்கடல் ஓரத்து மசாதாவில்தான்.

ஏரோது ராஜா கட்டிய மலைக்கோட்டை அது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் எரிந்த பிறகும், ரோமை எதிர்த்த யூதர்களின் ஒரு கூட்டம் அந்த உச்சியில் தாக்குப்பிடித்தது. ரோமப் படை மேற்குச் சரிவில் மண்மேடு எழுப்பி மதிலை உடைத்தது. அன்றிரவு, அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று தலைவன் எலெயாசார் பேச, ஆண்கள் தங்கள் மனைவி மக்களைக் கொன்றார்கள். பிறகு சீட்டுப் போட்டு ஒருவரையொருவர் முடித்தார்கள். இறந்தவர்கள் 960 பேர் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்.

ஆரம்ப வருடங்களில் இதைக் குரலை உயர்த்திச் சொல்வேன். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களைச் சொல்லும் 'இரத்தசாட்சிகள்' என்ற சொல்லையும் சேர்ப்பேன். நம் சபைகளில் அதற்கு இருக்கும் கனத்தில் பஸ்ஸே அடங்கிப்போகும். ஒரு தடவை பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா, கேபிள் காரில் இறங்கும்போது கேட்டார்: "தம்பி, எல்லாரும் செத்துட்டாங்கன்னா, உள்ளே நடந்ததை வெளியே யார் வந்து சொன்னது?"

பதில் எனக்குத் தெரியும். இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் நிலத்தடி நீர்வழியில் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள். மறுநாள் ரோமர்களிடம் நடந்ததைச் சொன்னது அந்தப் பெண்கள்தான். அதைத்தான் நான் "ஏழு பேர் மட்டும் தப்பிச்சாங்க" என்று ஒரே மூச்சில் கடந்துகொண்டிருந்தேன், ஏதோ கடமையிலிருந்து நழுவியவர்களைச் சொல்வதுபோல. சாட்சி சொன்னவர்கள் அவர்கள். நானோ சாட்சி என்ற சொல்லை மற்றவர்களுக்குக் கொடுத்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் யோசேப்பஸை முழுசாகப் படித்தேன். மசாதாக்காரர்கள் ஒரு பஸ்காப் பண்டிகையின்போது பக்கத்து என்கேதிக்கு இறங்கிப் போய், தங்கள் சொந்த ஜனத்திலேயே பெண்களும் குழந்தைகளுமாக 700 பேருக்கு மேல் கொன்றார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். மலைமேல் நின்று இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதிலோ மசாதா என்ற பேச்சே கிடையாது. இருபதாம் நூற்றாண்டில் தங்களுக்கென்று ஒரு நாடு தேடிய யூதர்களுக்குத்தான் அந்த மலை வேண்டியிருந்தது. இளைஞர்கள் நடந்தே ஏறினார்கள்; 1963 முதல் 1965 வரை தொல்லியலாளர் யிகாயேல் யாதின் அகழாய்வு செய்தார்; ராணுவ வீரர்கள் அங்கே உறுதிமொழி எடுத்தார்கள்.

தல்மூத் நினைவில் வைத்திருப்பது வேறொரு ஆளை. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது ரபி யோகனான் பென் சக்காய் செத்தவர்போலப் படுத்துக்கொள்ள, சீடர்கள் அவரைப் பாடையில் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். ரோமத் தளபதி வெஸ்பாசியானிடம் அவர் கேட்டது யப்னே ஊரையும் அதன் அறிஞர்களையும், கமாலியேலின் வம்சத்தையும், பட்டினியால் நலிந்துபோன ரபி சாதோக்குக்கு வைத்தியர்களையும். பவுலின் குருவான அதே கமாலியேலின் குடும்பம்தான் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எருசலேமையே கேட்டிருக்கக் கூடாதா என்று பின்னால் வந்தவர்கள் அவரைக் குறை சொன்னதையும் தல்மூத் மறைக்கவில்லை. அவ்வளவு கேட்டால் கொஞ்சமும் கிடைக்காமல் போகும் என்று அவர் பயந்திருக்கலாம் என்கிறது. ஆலயமும் பலியும் போன பிறகு அந்த ஜனம் ஜெபத்தையும் படிப்பையும் பிடித்துக்கொண்டு நிலைத்தது யப்னேயிலிருந்துதான். எங்கள் பயணத் திட்டத்தில் அந்த ஊர் இல்லை. பார்க்க ஒரு மலையும் இல்லையே.

எருசலேமில், நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவிடமான யாத் வஷேமுக்கும் போவோம். அங்கே செங்கல் சுவரில் நாதன் ராப்பபோர்ட் செய்த இரண்டு சிற்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் 1943இல் எதிர்த்து நின்ற போராளிகள், நிமிர்ந்த தோள்களோடு. மற்றதில் தலை குனிந்து நடத்திச் செல்லப்படும் ஜனங்கள். ஒரு பயணத்தில் எங்கள் ஆள் ஒருவர் அந்த இரண்டாவதைக் காட்டி, "இவங்க ஏன் சண்டை போடலை?" என்று கேட்டார். வழிகாட்டியின் அம்மா நாஜி முகாமிலிருந்து உயிரோடு வந்தவர். இருந்தும் அந்தக் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். இன்றுவரை எனக்கு வருத்தம் உண்டு.

அவர் கோபப்படவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தன் அம்மாவிடமும் இதையே கேட்டார்கள் என்றார். 1961இல் நாஜி அதிகாரி ஐக்மன்மேல் நடந்த வழக்கில், பிழைத்தவர்கள் வரிசையாகச் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசியதை ரேடியோவில் கேட்ட பிறகுதான் ஜனங்களின் பார்வை மாறத் தொடங்கியதாம். அப்புறம், விசுவாசத்துக்காகச் சாவதை யூதர்கள் 'நாமத்தைப் பரிசுத்தப்படுத்துதல்' என்பார்கள். வார்சா கெட்டோவில் ரபி இட்ஸ்ஹாக் நிசன்பாம், இது உயிரைப் பரிசுத்தப்படுத்தும் நேரம், எதிரி கேட்பது உடலை, அதைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னதாக நினைவுகூருகிறார்கள். அதையும் அவரிடம்தான் முதலில் கேட்டேன். "எங்கம்மா கடைசிவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. தங்கச்சிக்கு ரொட்டியில பாதி கொடுத்தாங்க, தினமும்" என்றார். இதையும் மைக்கில் சொன்னேன். கேள்வி கேட்டவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இப்போது மசாதாவில் எங்கள் கூட்டத்தை, தெற்குப் பக்கம் பாறையில் குடைந்த பெரிய தண்ணீர்த் தொட்டிக்கும் கூட்டிப் போகிறேன். ஏழு பேரும் ஒளிந்தது அதில்தான் என்று யாரும் சொல்ல முடியாது. படிகள் அதிகம், முட்டி வலிக்காரர்கள் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நான் பாதிப் படியில் நின்று, இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி, அந்தப் பெண்களிலிருந்து கதையைத் தொடங்குகிறேன்.